ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.யா, பி.ஏ. முடித்து மூன்றாண்டு எல்எல்.பி.யா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர் பிள்ளைகளும் பள்ளி ஜூனியர்களும் என்னிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். வக்கீலுக்குப் படிக்க ஆசை. சமூகவியல், அரசியல், வரலாறு மாதிரிப் பாடங்களும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து ஐந்து வருடத்தில் படித்துவிடலாமா, இல்லை முதலில் ஒரு பி.ஏ. முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி.க்குப் போகலாமா?

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசுச் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். விடுதியில் என் பக்கத்து அறை அக்கா பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு மூன்றாண்டுப் படிப்புக்கு வந்தவர். இரவில் நாங்கள் இருவரும் ஒரே பேர் ஆக்டை (சட்டத்தின் மூலப் பிரதியை) வைத்துக்கொண்டு படிக்கும்போது, அவருக்கு உடனே பிடிபடுவது எனக்குப் பிடிபடாது. எனக்குப் பழகிப்போனது அவருக்குப் புதிதாக இருக்கும். இந்த இரண்டு பாதைகளின் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குத்தான் போகப் போகிறோம் என்று பதினேழு வயதிலேயே உறுதியாக இருப்பவர்கள் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். சமூகத்தைப் படிப்பதில்தான் மனம் இருக்கிறது, சட்டம் அதற்கு ஒரு கருவி என்று நினைப்பவர்கள் தாராளமாக பி.ஏ. முதலில் படிக்கட்டும். 'ஒரு வருஷம் மிச்சம்' என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் ஐந்தாண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் முதலில் போடுகிற கணக்கு அதுதான், தெரியும். ஆனால் படிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு வருடம் இல்லை.

அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வழக்கறிஞர் தொழிலையும் சட்டப் படிப்பையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இரண்டு வழிகளையும் அங்கீகரிக்கின்றன. இரண்டிலும் கட்டாயச் சட்டப் பாடங்கள் ஒன்றேதான்: ஒப்பந்தச் சட்டம், குடும்பச் சட்டம், அரசியலமைப்பு, குற்றவியல், சொத்துரிமை, சாட்சியம் என்று போகும். இரண்டிலும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்), மனு வரைதல், தொழில் நெறிமுறை, சமரசத் தீர்வு என்று நான்கு செய்முறைத் தாள்கள் உண்டு. முடித்தபின் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட், அகில இந்திய பார் தேர்வு என எல்லாம் ஒன்றுதான். எந்த வழியில் வந்தாலும் கறுப்புக் கோட்டில் வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுப் படிப்பில் கூடுதலாக இருப்பது பி.ஏ. பாடங்கள்: ஆங்கிலம், சமூகவியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு. இவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்.

சேருவதற்கு முன்னால் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைப் பாதியில் விட்டால் பி.ஏ. பட்டம் கிடைக்காது. மூன்று வருடம் படித்துவிட்டு 'சட்டம் எனக்குச் சரிப்படவில்லை, பி.ஏ.யை மட்டும் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. பட்டத்தைப் பிரித்துக் கொடுப்பதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. அதே மாதிரி, பி.ஏ. முடித்தவர் நேராக ஐந்தாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரவும் முடியாது. என் செட்டில் இரண்டாம் ஆண்டிலேயே மனசு விட்டுப்போன ஒரு பையன் இதைத் தெரிந்துகொண்டபோது தவித்த தவிப்பைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் உறுதி இல்லாதவர்களுக்கு பி.ஏ. முதலில் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் ஒரு பட்டம் இருக்கும், மேலே எம்.ஏ. படிக்கலாம், யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், சட்டத்துக்கும் வரலாம். ஐந்தாண்டு மாணவருக்கு அந்தக் கதவுகள் எல்லாம் ஐந்தாம் ஆண்டில்தான் திறக்கும்.

சரி, ஐந்தாண்டில் சேர்த்துப் படிப்பதால் என்னதான் கிடைக்கிறது?

எனக்குக் கிடைத்ததில் மதிப்பானது, ஒரே விஷயத்தை இரண்டு பாடவேளைகளில் இரண்டு முகமாகப் பார்த்ததுதான். செண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பு வகுப்பில் அது 1951ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) சேர்க்கப்பட்டது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அரசியல் அறிவியல் வகுப்பில் நாங்கள் அப்போது நீதிக்கட்சி ஆட்சியைப் படித்துக்கொண்டிருந்தோம். மாகாணத்தில் அரசு வேலைகளிலும் கல்லூரி இடங்களிலும் யார் இருந்தார்கள், 1920களில் அந்த ஆணை எதற்காகப் பிறந்தது, தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டுத் தெருக்களில் என்ன நடந்தது என்று அந்த ஆசிரியர் விரிவாகச் சொன்னார். அதன்பின் 15(4) எனக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஓர் உட்பிரிவாக இல்லை. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய 1992 மண்டல் தீர்ப்பு, தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்க அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 1994 திருத்தம் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன.

பக்கத்து அறை அக்காவுக்கு இப்படி இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வாய்க்கவில்லை. அவர் சமூகவியல் படித்தபோது சட்டம் இல்லை. சட்டம் படிக்கிறபோது சமூகவியல் ஆசிரியர் பக்கத்தில் இல்லை. ஆனால் அவருக்கு வேறொன்று இருந்தது. அதுவும் ஒரு வழக்கில்தான் எனக்குப் புரிந்தது.

சாட்சியச் சட்டத்தில் 114ஆம் பிரிவு என்று ஒன்று. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அது 119. மனித நடத்தையின் இயல்பான போக்கை வைத்து நீதிமன்றம் சில விஷயங்களை ஊகித்துக்கொள்ளலாம் என்கிற பிரிவு. படிக்கும்போது சாதாரணமாகத்தான் தோன்றும். அன்று இரவு அக்கா கேட்டார்: "எந்த மனிதரோட நடத்தை?" கேட்டுவிட்டு கீழ்வெண்மணியைப் பற்றிப் பேசினார். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் நிலச்சுவான்தார்கள் சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலமுள்ள பணக்காரர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. 'பணக்காரர் இப்படித்தான் நடந்துகொள்வார்' என்ற ஊகத்தின் எடை என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அக்காவால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடந்தன, எப்படிப் பிரிந்துகொண்டிருந்தன என்று சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் கள ஆய்வு செய்து 1965இல் வெளியிட்டிருந்தார். அக்கா அதை பி.ஏ.யில் முழுதாகப் படித்து, அதை வைத்து ஒரு கட்டுரையும் எழுதியவர். மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள் என்ற உறவின் உள்ளே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் இந்திய கிராமம் என்ற மொத்தத் தலைப்பும் ஓர் அலகுக்குள் அடங்கிவிட்டது. நான் அதில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். கேள்வி கேட்கிற அளவுக்கு அது போதவில்லை.

ஆக, ஐந்தாண்டில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வசதி இருக்கிறது, ஆழம் குறைவு. ஆறாண்டில் ஆழம் இருக்கிறது, இணைக்கிற வேலையை நாமேதான் செய்ய வேண்டும். இதில் எது கஷ்டம்? ஆழம் இல்லாததைப் பின்னால் சேர்ப்பதுதான் கஷ்டம் என்பேன். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு தொடர்ந்து சட்டத் தாள்கள், இன்டர்ன்ஷிப், மூட் கோர்ட் என்று ஓடும்போது ஒரு சமூகவியல் நூலை உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இதில் கல்லூரிகளின் பங்கும் இருக்கிறது. நான் படிக்கிற இடத்தில் பி.ஏ. பாடங்களுக்குப் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள்தான். நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து, வகுப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் பருவம் முடிந்து போய்விடுவார். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சீனியர்களும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்: "இதெல்லாம் பாஸ் பண்ணினா போதும், லா பேப்பரைப் பாரு." இந்த அறிவுரை எனக்கு இன்றைக்கும் கோபத்தை வரவழைக்கிறது. இரண்டு வருட வாழ்க்கையை 'பாஸ் பண்ணினால் போதும்' என்று கழிப்பதற்கு எதற்கு ஐந்தாண்டுப் படிப்பு? அந்த மனநிலையோடு படிப்பதென்றால் பி.ஏ., எல்எல்.பி. என்பது இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டணம் கட்டிய எல்எல்.பி. மட்டும்தான்.

ஆனால் அந்தப் பாடங்கள் வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரிடம் இன்டர்ன்ஷிப் போனேன். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அப்பா இறந்ததும் அண்ணன், தம்பி இருவருக்கும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் 'மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இன்றியும்' என்று வழக்கமான வரி. கைமாறியதாக ஒரு சிறு தொகை. அதுவும் கைக்கு வரவில்லை. இப்போது மகள் வாழாமல் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள், பங்கு கேட்க முடியுமா என்று கேட்டார்.

சட்டம் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. அதற்கு முன்பே திருமணமானவர்களை அந்த மாநிலத் திருத்தம் விலக்கியது. 2005 மத்தியத் திருத்தம் அந்த விலக்கை வைக்கவில்லை. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதென்றால் மோசடியோ தகாத செல்வாக்கோ காட்ட வேண்டும், மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது. இதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என் சீனியரான அந்த வழக்கறிஞர் அந்த அம்மாவிடம் கேட்டது வேறு: "உங்க பிள்ளைக்குக் காதுகுத்து யார் மடியில வெச்சுச் செஞ்சீங்க? பொங்கலுக்குச் சீர் வருதா?" அந்த அம்மா அழுதுவிட்டார். கையெழுத்துப் போடவில்லை என்றால் தாய்மாமன் சீர் நிற்கும், பிறந்த வீட்டு வாசல் மூடும் என்று பத்திரப்பதிவு அலுவலக வாசலிலேயே சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் இருந்துதான் தகாத செல்வாக்குக்கான கதை வெளியே வந்தது. யார் யார் கூட இருந்தார்கள், என்ன சொன்னார்கள், சீர் எப்போது நின்றது என்று எல்லாம் அதன்பின் பிராதில் ஏறியது.

உறவுமுறை, தாய்மாமன், பெண் பிறந்த வீட்டோடு வைத்திருக்கும் பிணைப்பு, இவை என் முதலாண்டு சமூகவியல் தாளில் இருந்தன. அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியவர் அதைப் படித்த நான் இல்லை, முப்பது வருட அனுபவம் உள்ள சீனியர். அவர் ஊரைப் பார்த்துக் கற்றதை வகுப்பறையில் சீக்கிரமாகவே கற்கலாம் என்பதால்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, என் செட் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் ஒரே நாளில் மாறின. அந்த அம்மாவின் வழக்கு மாதிரியானவற்றில் நமக்குத் தேவைப்படும் அறிவுக்கு அந்த ஆபத்து இல்லை.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 1988இல் சட்டக் கல்வியாளர் மாதவ மேனன் ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியபோது, சமூக அறிவியலைச் சட்டத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. நாட்டின் மற்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள், 2013இல் வகுப்புகளைத் தொடங்கிய நம் திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வளாகம் உட்பட, அந்த மாதிரியைத்தான் பின்பற்றின. ஐந்தாண்டுப் படிப்புக்கே முன்மாதிரியான அதே பெங்களூரு பள்ளி 2022இல் மூன்றாண்டு எல்எல்.பி.யையும் தொடங்கியது. வேறொரு துறையை முழுதாகப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் சட்ட வகுப்பில் இடம் வேண்டும் என்று அங்கேயே நினைக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பை 'வேறு வழியில்லாமல் வருகிறவர்களின் படிப்பு' என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகமா, அரசுச் சட்டக் கல்லூரியா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே ஒட்டுகிறதை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு: இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், முழுக்க ஆங்கிலம், நீளமான பத்திகளை வேகமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அது பெரிய மலை. கட்டணமும் ஆண்டுக்கு லட்சங்களில் போகும். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளிலும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் நுழைவுத் தேர்வு இல்லை; ஐந்தாண்டுக்கு பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 சட்டத்தின்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு, அது சட்டப் படிப்புக்கும் பொருந்தும். அந்த ஒதுக்கீடு இளநிலைத் தொழிற்படிப்புக்குத்தான் என்பதால், அரசுப் பள்ளிப் பிள்ளை ஐந்தாண்டைத் தள்ளிவைக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பி.ஏ. வழியில் வருகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியிருந்தாலும் மூன்றாண்டில் சேரலாம். ஆனால் பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இடமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே சட்டம் படித்துவிடலாம் என்ற கணக்கும் சரிவராது, 70 சதவீத வருகை கட்டாயம்.

நீதிபதி ஆக விரும்புகிறவர்கள் வயதுக் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது மூன்று வருட பிராக்டிஸ் தேவை என்று தீர்ப்பளித்தது. பார் தேர்வு எழுதித் தேறுவதற்கு முந்தைய தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்தே அது எண்ணப்படும். ஐந்தாண்டு வழியில் போனால் இருபத்தாறு வயதை ஒட்டியும், ஆறாண்டு வழியில் இருபத்தேழை ஒட்டியும் அந்தத் தேர்வுக்குத் தகுதி வரும். வீட்டுச் சூழல் நெருக்குகிற பெண்களுக்கு, ஜூனியராக மாதம் சில ஆயிரம் ரூபாயில் ஓட்டுகிற அந்த மூன்று வருடம்தான் உண்மையான தடை. அதற்கு முன்னால் ஒரு வருடம் கூடுவதா குறைவதா என்பதை அவரவர் வீட்டு நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இதில் யாருக்கும் நான் அறிவுரை சொல்ல மாட்டேன்.

பி.காம்., எல்எல்.பி., பி.பி.ஏ., எல்எல்.பி. பற்றியும் கேட்பார்கள். கம்பெனிச் சட்டம், வரி, ஒப்பந்தம் என்று போகிறவர்களுக்கு அது பொருத்தம். குற்றவியல், குடும்பம், நிலம், தொழிலாளர், மனித உரிமை என்று போகிறவர்கள் பி.ஏ.வையே எடுக்கட்டும்.

சேருவதற்கு முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். சமூகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, கள ஆய்வுக்கு மாணவர்களை வெளியே அனுப்புகிறார்களா என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேளுங்கள். நூலகத்தில் சட்டமல்லாத அலமாரி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தூசி படிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். விடை திருப்தியாக இல்லையென்றால், ஒரு நல்ல கலைக் கல்லூரியில் சமூகவியலோ வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு மூன்றாண்டுக்கு வருவதே மேல்.

ஐந்தாண்டில் சேர்ந்தேவிட்டீர்கள் என்றால், பார் கவுன்சில் கேட்கிற இருபது வார இன்டர்ன்ஷிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கானதை வக்கீல் ஆபீஸில் செலவிடாதீர்கள். அந்த வயதில் அங்கே கட்டு தூக்குவதும் வாய்தா தேதி குறிப்பதும்தான் வேலையாக இருக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கிராம முகாம், கொத்தடிமை மீட்பிலோ பெண்கள் பிரச்சினையிலோ வேலை செய்யும் தன்னார்வ அமைப்பு, உள்ளாட்சி அலுவலகம் என்று போங்கள். விதிகளிலேயே இவற்றுக்கு இடம் இருக்கிறது. அப்போது கையில் சமூகவியல் நோட்டும் இருக்கும், முன்னால் மனிதர்களும் இருப்பார்கள். மூன்றாண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்தான். அதை நேராகக் கோர்ட்டிலேயே செலவிடட்டும், அவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.